மறுபடியும் ஒரு ஓட்டு

"தோத்தவங்க மறுபடி ஆடலாம்னு கேக்கறதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டுல நடக்கும், க்ளெனிஸ். நாட்டு விஷயத்துல நடக்காது."

டெஸ்மண்ட் அவள் நீட்டிய தாளைத் தொடவே இல்லை. துறைமுகத்து மீன் கடை மேஜையில் இருந்த வினிகர் பாட்டிலை எடுத்து வறுத்த மீன்மேல் தாராளமாகத் தெளித்துக்கொண்டார்.

நண்டுப் படகு கேப்டன் அவர். ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் வெளியேறியே தீரவேண்டும் என்பவர். க்ளெனிஸ் பிரசவ வார்டு நர்ஸ். வெளியேறவே கூடாது என்பவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாடே ஓட்டுப் போட்டு, வெளியேறுவது என்று முடிவாகிவிட்டது. அவள்தான் விட்டபாடில்லை. இன்னொரு ஓட்டெடுப்பு வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

மேட்டுத் தெருக்களில் முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். துறைமுகத்தில் ஒருவர்கூட இல்லை.

"மீன் பிடிக்கிறவங்க ஒருத்தர் பேருகூட இல்லாத தாளை லண்டன்ல எவன் மதிப்பான்? மத்தியான ரயிலுக்கு நான் கிளம்பணும் டெஸ். நீ ஒருத்தன் போட்டா போதும்."

"மாட்டேன்."

"அன்னிக்கு வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னாங்க. இப்ப வெளுத்துப்போச்சு. இன்னொரு தடவை ஜனங்களைக் கேட்டா என்ன குறைஞ்சுடும்?"

"உங்களுக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பீங்களாக்கும்?"

கடையே சிரித்தது. டெஸ்மண்டின் படகில் வேலை பார்க்கும் ஷேனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அம்மணி போன தடவையே ரெண்டு ஓட்டுப் போட்டாச்சு. இப்ப மூணாவது கேக்கறாங்க!"

அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. ஓட்டு நாளன்று டெஸ்மண்ட் நடுக்கடலில் இருந்தார். ஊரில் இருக்க முடியாதவர், தனக்குப் பதிலாக ஓட்டுப் போட இன்னொருவரை எழுதிக்கொடுக்கலாம். அவர் எழுதிக்கொடுத்தது க்ளெனிஸ் பெயரை. கடலுக்குப் போகும்போதெல்லாம் நாயை விட்டுவிட்டுப் போவதும் அவளிடம்தான்.

"நாயைக் கொடுத்தீங்க, சரி. ஓட்டைப் போய் இவங்ககிட்டயா கொடுப்பீங்க கேப்டன்? உங்க பேர்லயும் 'இருக்கணும்'னு போட்டுட்டு வந்திருப்பாங்க. உள்ள யார் எட்டிப் பாக்கறது?"

"வாயை மூடுடா."

அதட்டினாரே தவிர, டெஸ்மண்டின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. மூன்று வருஷமாக அவர் அதைக் கேட்டதே இல்லை.

க்ளெனிஸின் முகம் சிவந்துவிட்டது.

"மனசுல இருந்தா கேட்டுடு டெஸ்."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

சொன்னவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷேனின் கிண்டலை அவள் தூசியாகத் தட்டியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரும்மா."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த வால்டரின் குரல். மேட்டுத்தெரு ஸ்கூல் வாட்ச்மேன்.

"ரெண்டு ஓட்டாம், ரெண்டு ஓட்டு! டேய், எங்க ஸ்கூல்லதான் அன்னிக்கு மேட்டுத்தெருவுக்கு ஓட்டுச்சாவடி. ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்தினது நான். சாத்தி நாலு நிமிஷம் ஆயிருக்கும், நர்ஸ் டிரெஸ்ஸோட மழையில ஓடி வந்தா. எப்படிக் கெஞ்சினா தெரியுமா? பத்துன்னா பத்து, ராணியே வந்தாலும் திறக்க மாட்டேன்னுட்டேன். படியிலயே உக்காந்து அழுதுட்டுப் போனா."

"வால்டர், அதெல்லாம் இப்ப எதுக்கு?"

டெஸ்மண்ட் நிமிர்ந்தார். "நீ ஓட்டே போடலியா?"

"ரெட்டைப் பிரசவம். ரெண்டாவது குழந்தை படுத்திடுச்சு. வெளியே வரும்போதே ஒன்பதே முக்கால்."

"அப்ப என் ஓட்டும் போச்சா?"

"உன்னுது இங்க கீழே, துறைமுகச் சாவடியில. முதல்ல இங்கதான் வந்தேன். நீ சொன்ன மாதிரியே 'வெளியேறணும்'னு போட்டேன். மனசே வரல. ஆனா போட்டேன். அப்புறம்தான் மேட்டுக்கு ஓடினேன்."

"ஏன்டி, உங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்லதானே அந்த ஸ்கூல்! ரெண்டு எட்டு வச்சா உன்னுதைப் போட்டிருக்கலாமே?"

"போட்டுட்டுக் கீழே வர்றதுக்குள்ள உன்னுது போயிருக்கும். நீ நம்பிக் கொடுத்தது. என்னுதைத் தொலைச்சா அது என் பாடு."

ஷேன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னா, அதைக் காட்டி உன்கிட்ட கையெழுத்துக் கேட்ட மாதிரி ஆயிடாதா?"

டெஸ்மண்ட் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"கொண்டா அந்தத் தாளை."

பெயரும் படகின் பெயரும் பெரிய எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை வந்தாலும் நான் 'வெளியேறணும்'னுதான் போடுவேன். தெரியுமில்ல?"

"தெரியும். நீ கடல்ல இருந்தா நானே போடுவேன்."

ஷேனுக்கு மட்டும் ஆறவில்லை. "கேப்டன், நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஒரு தடவை முடிஞ்சதுக்கு மறுபடியும் ஒரு ஓட்டா?"

டெஸ்மண்ட் பேனாவை மூடி அவளிடம் கொடுத்தார்.

"மறுபடி நமக்குத்தான்டா. அவளுக்கு இதுதான் முதல் தடவை."