நடுக் கிண்ணம்

"மாமா, நடுக் கிண்ணம். வேற எதையும் யோசிக்காம நடுக் கிண்ணம்னு சொல்லிடுங்க."

கை கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இதைக் கிசுகிசுத்தவள் அவருடைய மனைவியின் தங்கை. சூப்புத் தொழிற்சாலையின் கலவை அறை அவள் பொறுப்பு. இன்றைய சுவைத் தேர்வுக்குச் சூப்புக் காய்ச்சியதும் அவள்தான்.

"தெரிஞ்சா உன் வேலைக்கு உலை வச்சிடுவாங்க," என்றார் அவர்.

"உங்க வேலை திரும்பக் கிடைச்சா போதும்."

சூப்பைச் சுவைத்துத் தரம் சொல்வதுதான் அவர் வேலையாக இருந்தது. அவரை அங்கே எல்லோரும் நாக்கு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு துளி நாக்கில் பட்டால் போதும், எந்தத் தக்காளி செடியில் பழுத்தது, எதைப் பெட்டியில் பழுக்க வைத்தார்கள் என்று புட்டுப்புட்டு வைப்பார். மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அந்த நாக்கை அடியோடு வாரிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் அவருக்குச் சூப்பும் ஒன்றுதான், பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒன்றுதான். நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் உட்கார வைத்தது. அங்கே மனிதர் கூனிக் குறுகிப் போனார்.

போன வாரம் ஒரு காலையில் காபி கசந்தது. அந்தக் கசப்புக்காகச் சந்தோஷத்தில் அழுதேவிட்டார். மறுநாளே மேலாளர் முன்னால் போய் நின்றார். புதுச் சூப்பின் தேர்வில் மற்றவர்களோடு உட்காரலாம், சரியாகச் சொன்னால் பழைய நாற்காலி, தவறினால் கடைசிவரை அட்டைப்பெட்டிதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

தேர்வு எளிதானது. மூன்று கிண்ணங்கள். இரண்டில் ஒரே சூப்பு. மூன்றாவதில் மட்டும் குவானிலேட் என்ற வெள்ளைப் பொடி கூடுதலாக இருக்கும். அது எந்தக் கிண்ணம் என்று சொல்ல வேண்டும். பொடி ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆர்.என்.ஏ. என்று ஒரு மாலை இருக்கிறதே, நான்கு வகை மணி கோத்தது, அதில் ஒரு மணி. காளானைக் காயவைத்து வேகவைத்தால் மாலை அறுந்து இந்த மணி உதிரும். தனியாகச் சுவைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தக்காளியில் இருக்கிற குளுட்டமேட் என்ற சுவைப்பொருளோடு ஜோடி சேர்ந்தால் மட்டும் வாய் முழுக்க ஒரு நிறைவு பரவும். அப்போது உப்பைக் கணிசமாகக் குறைத்தாலும் குறை தெரியாது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டித்தவர்களும் ஆசையாகக் குடிக்கும் சூப்பு ஒன்றைக் கொண்டுவரக் கம்பெனி தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

நிறத்தைப் பார்த்து யாரும் ஊகித்துவிடக் கூடாதென்று, சுவைப்பவர் தனியாக உட்காரும் தடுப்புக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் முதல் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தார். வெந்நீரால் கொப்பளித்துவிட்டு நடுக் கிண்ணத்தை எடுத்தார். நிறைவு எழும்பும் என்று காத்திருந்தார். எழும்பவில்லை. மூன்றாவதையும் குடித்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

நடுக் கிண்ணம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. சொல்லிவிட்டால் கதை முடிந்தது. வீட்டில் ஒருத்தி நம்பிக்கையோடு காத்திருக்கிறாள். ஆனால் நாளைக்கு இந்த நாக்கை நம்பித்தானே ஊருக்குச் சூப்புப் போகும்? ரத்த அழுத்தக்காரர் ஒருவர் அதைக் குடிப்பாரே? பொய் நாக்கை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

மேலாளர் அறையில் மற்ற நால்வரும் பதில் சொன்னார்கள். மூவர் நடுக் கிண்ணம் என்றார்கள், ஒருத்தர் மூன்றாவது என்றார். அடிநாக்கில் காளான் மணக்கிறது என்று ஒருவரும், கறிச்சாறு போல நிற்கிறது என்று இன்னொருவரும் ஆளாளுக்கு அளந்தார்கள். மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க சொல்லுங்க," என்று அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது சார். மூணுலயும் வெங்காயம் லேசா கருகியிருக்கு. அவ்வளவுதான்."

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருகல் யாருக்கும் தெரியவில்லையாம். இப்படிக் காய்ச்சல் வந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் இல்லாத கருகல் எல்லாம் தெரியும் என்று மருத்துவரே அவரிடம் சொல்லியிருந்தார். மேலாளர் அவர் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அவர் வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அட்டைப்பெட்டிப் பிரிவுக்குப் போய்ப் பசைத் தூரிகையை எடுத்தார். மனம் பாரமாக இருந்தாலும் குறுகுறுப்பு இல்லை.

இரண்டு பெட்டிகூட ஒட்டியிருக்க மாட்டார். மைத்துனி தலையில் கட்டிய துணி நழுவ ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க மேலாளர். தேர்வின் முடிவையும் கருகல் பேச்சையும் கலவை அறையில் சொல்லப் போனவரை அவள்தான் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கண்ணில் கண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாமா, வெங்காயம் நிஜமாவே கருகிச்சு. கருகினதைப் பொறுக்கி எடுத்துட்டு, யார்கிட்டயும் மூச்சு விடல. அந்தப் பதற்றத்துல நடுக் கிண்ணச் சூப்புல பொடியைப் போடவே மறந்துட்டேன்."