ஓரடி கூட

இசக்கிச்செல்வி அளக்கிற டேப்பைக் காலால் மிதித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றாள். இரண்டு பக்கமும் பஸ்ஸும் எலுமிச்சை லாரியும் ஹாரன் அடித்தன.

"ஏக்கா, வழிய விடு. டைம் ஆவுது" என்றார் கண்டக்டர்.

"ஆவட்டும். இவுக இப்படி அளந்தா இன்னைக்கு ஒரு வண்டியும் போவாது."

இன்ஜினியர் ஆஷிக் அலிக்கு வியர்த்தது. சங்கரன்கோவில் - புளியங்குடி சாலையை அகலப்படுத்திச் சீரமைக்க முடியுமா என்று ஓர் ஆய்வு நடக்கப்போகிறது. அந்த ஆய்வை எங்கே, எப்படி நடத்துவது என்று திட்டம் போடத்தான் இன்று வந்திருக்கிறான். இன்னும் பெண்ணே பார்க்கவில்லை, அதற்குள் பந்தலில் சண்டை.

டேப் பிடிக்கும் மாரிராஜ் அவன் காதருகே வந்தார்.

"பாத்துப் பேசுங்க சார். நாலு வருசத்துக்கு முன்ன அளக்க வந்தவங்கள இவ வீட்டுக்காரர் மண்ணெண்ணெய்க் கேனோட வந்து விரட்டுனாரு. அப்புறம் இந்த வீட்ட விட்டுட்டு ரோட்ட வளைச்சுத்தான் போட்டாங்க."

ஆஷிக் வீட்டைப் பார்த்தான். சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடந்தது. சாலையைத் தொட்டுக்கொண்டிருந்த மூலைக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்து, வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். இவ்வளவு ஆசையாக வைத்திருக்கும் வீட்டை யார்தான் கொடுப்பார்கள்? அவனுக்கே பாவமாக இருந்தது.

"அக்கா, பயப்படாதீங்க. இது வெறும் ஆய்வுதான். உங்க வீட்ட விட்டுட்டே எழுதிருதேன். போன தடவை மாதிரி சுவரோட நிறுத்திக்கிடலாம்."

அவ்வளவுதான். அவள் குனிந்து டேப்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஓரடி கூட விட மாட்டேன். கலெக்டரே வந்து சொன்னாலும் விட மாட்டேன்."

"அதான் விட்டுருதோம்னு சொல்லுதேன்லக்கா."

"விடக் கூடாதுன்னுதான் நானும் சொல்லுதேன்."

டேப்பின் நுனியை இழுத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். முன்னறையைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, பின்வாசல் படியில் போய் நின்றாள்.

"இது வரைக்கும் எழுதுங்க. ரோடு நேராப் போவட்டும்."

பின்னாலேயே ஓடிவந்த ஆஷிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதவும் கை வரவில்லை.

"அக்கா, வீடே இல்லாமப் போயிருமே. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

இசக்கிச்செல்வி டேப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இந்த வளைவுலதான் சார் அவர லாரி அடிச்சுது."