படகுக்காரி இருக்காளா?

கிழவர் கடை வாசலில் கால் வைக்கும்போதே கேட்டுவிட்டார். "புது விதிப் புத்தகத்துல படகுக்காரி இருக்காளா?"

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டின் புத்தகம் அது. அவர் மகள் எப்போதும் படகுக்காரிதான். புதுப் புத்தகத்தில் இல்லாத பாத்திரத்துக்கு இனி மேஜையில் இடமில்லை என்று அவளோடு ஆடும் கூட்டாளிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"இல்ல பெரியவரே. பழைய பாத்திரம் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க," என்றார் கடைக்காரர்.

"நல்லாப் பாருய்யா. இதுவரைக்கும் வந்த எல்லாத்துலயும் அவ இருந்தாளே!"

"இருந்தா. அதுக்குத்தானே போன தடவை இங்க நின்னு குதிச்சீங்க? ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அச்சடிச்சு நம்ம தலையில கட்டுறானுங்க, திருட்டுப் பசங்கன்னு."

"உன்கிட்டதானே சொன்னேன்?"

"பக்கத்துல நின்னவர் பதிப்பகத்து ஆளு. பெரியவர் சொல்றது நியாயம்தான்னு சொல்லிட்டுப் போனார்."

வாழ்நாளில் கிழவர் பேச்சை ஒருவன் மதித்தது இதுதான் முதல் தடவை.

வெறுங்கையோடு வீடு திரும்பினார். மகள் கதவைத் திறந்தாள். அம்மா செத்த நாளிலிருந்து அவள் தன் குரலில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயைத் திறந்தால் அந்தப் படகுக்காரியின் கரகரத்த குரல்தான் வரும்.

"என்ன பெரியவரே, புதுப் புத்தகத்துல நான் இருக்கேனா?"

அந்த விளையாட்டைப் பைத்தியக்காரத்தனம் என்று ஏசிக்கொண்டிருந்தவர், நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புத்தகம் கிடக்கட்டும். நான் அக்கரைக்குப் போகணும். ஏத்திக்குவியாம்மா?"