நாலு விரல்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வேனுக்குப் பின்னால் இரும்பு தரையில் உரசியது.

அவன் பல்லைக் கடித்தான். இதே வேகத்தடையில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறான். ஒருநாளும் உரசியதில்லை.

ஓரங்கட்டி இறங்கினான். ட்ரெய்லர் மேல் பந்தயக் கார் கட்டினது கட்டினபடி நின்றது. பட்டைகளெல்லாம் விறைப்பாகவே இருந்தன. வேனையும் ட்ரெய்லரையும் சேர்க்கும் கொக்கிக்கு அடியில்தான் பெயின்ட் உரிந்து புதுசாய்ப் பளபளத்தது.

மற்றவர்கள் ட்ராக்குக்குக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இவனுக்கு லாரிக்கு வக்கில்லை. வீட்டு வேன்தான். அம்மா துணிக்கடையில் முப்பது வருடம் சட்டை மடித்துவிட்டு, வேலையை விட்டபோது கையில் வந்ததைப் போட்டு, குடும்பம் ஏறிப் போகட்டும் என்று வாங்கியது.

ஏழு பேர் உட்காரலாம். குடும்பம் அதில் உட்கார்ந்த நாட்களுக்கு ஒரு கை விரலே அதிகம்.

வீட்டு வண்டியில் காரை இழுப்பதென்றால் சில ஒழுங்குகள் உண்டு. பின்பக்கம் பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் கொக்கியை மாட்டியதும் வேனின் பின்டயருக்கும் அதன் மேலுள்ள தகரத்துக்கும் நடுவில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். நாலு விரல் போனால் கிளம்பலாம்.

விரல் வைப்பது மனைவியின் வேலை. ஏழு வருடமாக. அவள் விரல்கள் ஒல்லி. உன் நாலு எனக்கு மூன்றரைதான் என்று கேலி செய்வான்.

இன்னொரு சட்டமும் உண்டு. கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்கக் கூடாது. டூல் பாக்ஸ், மாற்று டயர், கயிறு எல்லாம் முன்சீட்டை ஒட்டித்தான். ட்ரெய்லரை மாட்டிய பிறகு அதன் மூக்கு இடித்து, பின்கதவைத் திறக்கவும் முடியாது. அதனால் அவன் அங்கே பார்ப்பதே இல்லை.

காலையில் சாமான்களை வேனில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனான். வந்து நீலச் சட்டையைத் தேடினான்.

“அழுக்காக் கெடந்துதுடா, ஊறப் போட்டுட்டேன். அந்த கிரீஸ் சட்டையவே மாட்டிட்டுக் கெளம்பு. பொண்ணு பாக்கவா போற?” என்றாள் அம்மா.

மனைவிகூடச் சிரித்தாள்.

அதுவே அவனுக்கு ஆச்சரியம். போன தடவைதான் கடைசி, காரை விற்றுவிடுகிறேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அதற்கு முந்தின தடவையும் செய்திருந்தான். இன்றைக்கு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சண்டையில்லாமல் இந்த வீட்டிலிருந்து கார் வெளியேறியது இதுதான் முதல் முறை. பிழைத்தோம் என்று வண்டியை எடுத்தான்.

இப்போது குனிந்து தானே விரலை வைத்தான்.

இரண்டு.

ஸ்ப்ரிங் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். மனைவிக்குப் போன் போட்டான்.

“நாலு விரல்னுதான சொன்னே?”

“ஆமா.”

“இங்க ரெண்டுக்கு மேல நொழையவே மாட்டேங்குது. கண்ண எங்க வெச்சுட்டுப் பாத்த நீ?”

அந்தப் பக்கம் மரத்தில் யாரோ துளை போடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

“இன்னும் பின்னாடி பாக்கலியா நீங்க?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

உள்ளே ஏறி, சீட்டுகளைத் தாண்டித் தவழ்ந்து போனான். கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு போர்வை. போர்வைக்கு அடியில் மூன்று பெரிய பெட்டிகள், ஒரு மூட்டை. மூட்டையில் அவனுடைய செருப்பு, ஷூ, தலையணை. ஒரு பெட்டியை நகர்த்திப் பார்த்தான். பிணக்கனம் கனத்தது. அதில் அவனுடைய கார் புத்தகங்கள்.

அந்தத் துளை போடும் சத்தம் என்னவென்று அப்போதுதான் உறைத்தது. வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி மனைவியைத் திட்டினான். அவளுடைய நாலு விரலை நம்பித்தானே அத்தனை இறக்கத்தையும் இறங்கி வந்திருக்கிறான். சக்கரம் வழுக்கியிருந்தால்?

இருக்கட்டும். அவள் யார் பூட்டை மாற்ற? வீடு அம்மாவுடையது. அம்மா காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும், சாயந்திரமே அவளை வாசலில் நிறுத்திவிடலாம். அம்மாவின் நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அடுத்த பெட்டியைத் திறந்தான்.

மேலேயே நீலச் சட்டை இருந்தது. நனையவே இல்லை. இஸ்திரி போட்டிருந்தது.

அவன் மனைவி கல்யாணமான நாளிலிருந்து ஒரு சட்டையை மடித்ததில்லை. கொடியிலிருந்து உருவி நாற்காலியில் குவிப்பதோடு சரி.

இந்தச் சட்டைக்குள் அட்டை வைத்திருந்தது. கைகள் இரண்டும் முதுகுப் பக்கம் ஒரே அளவில் மடங்கியிருந்தன. காலரில் ஒன்று, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, குண்டூசி. அடியில் இருந்த சட்டையும் அப்படியே. அதற்கு அடியில் இருந்ததும்.

கடையில் யாரோ முன்பின் தெரியாத ஆளுக்குக் கட்டிக் கொடுக்க வைத்த மாதிரி.

போனில் அம்மாவின் நம்பர் அப்படியே இருந்தது. சட்டையின் மேல் விரலை ஓட்டினான். ஒரு குண்டூசிகூடக் குத்தவில்லை. எல்லா முனையையும் அட்டைக்குள் செருகிவிட்டிருந்தாள்.