கோட்டுக்கு அந்தப் பக்கம்

“மேடம், உங்க பென்சிலை ஒரு இன்ச் தள்ளுனா என் வீடு தப்பிச்சிடும். ஒரே ஒரு இன்ச்!”

காலையிலிருந்து அந்த அலுவலகத்தில் மேசை மேசையாக ஏறி இறங்கி, எல்லோரும் கைவிரித்த பிறகு, லாரி ஓட்டுநர் கடைசியாக வரைபடம் போடும் பெண்ணிடம் வந்து நின்றார். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டாவது பாதை வரப்போகிறது. அவள் போட்ட கோடு அவர் வீட்டு அடுப்படி வழியாகப் போனது.

“இஷ்டத்துக்குத் தள்ள முடியாதுங்க. பழைய பாதைக்கு இணையாப் போகணும். இணைன்னா சாய்வு மாறக் கூடாது.” அவள் குரலில் ஈரமே இல்லை. “பாருங்க, பழைய கோடு y = 2x + 5. புதுசுலயும் அதே 2x தான். அது (10, 5)ங்கிற புள்ளி வழியாப் போகணும். போட்டுப் பார்த்தா 5 = 20 + c. அப்போ c மைனஸ் பதினஞ்சு. y = 2x − 15. அந்தப் புள்ளி வழியா வேற இணைகோடு கிடையாது.”

“எனக்கு இது தலையும் புரியலை, வாலும் புரியலைம்மா. அந்தப் புள்ளியை வச்சது யாரு?”

அவள் அந்தப் புள்ளியைப் பென்சில் முனையால் தொட்டாள்.

“நான்தான்.”

எந்தப் பக்கமானாலும் சரி, நீயே முடிவு செய் என்று மேலதிகாரி அவளிடமே விட்டிருந்தார்.

ஓட்டுநர் வரைபடத்தில் விரலை வைத்தார். “இந்தப் பக்கம் வீடாக் கிடக்கு. அந்தப் பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? அங்க வச்சா என்ன?”

“வைக்க முடியாது.”

“ஏன்? எந்தப் பெரிய மனுஷன் நிலம் அது? யாரைக் காப்பாத்தறீங்க?”

“அங்க பெரிய மனுஷங்க யாரும் இல்லை,” என்றாள் தலையைத் தூக்காமல்.

அவர் கோபமெல்லாம் வடிந்துபோனது. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“என் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்காம்மா. ஜன்னல் வழியாத் தெரியற ஒரு மரம்தான் அவளுக்கு உலகம். நான் லாரியிலேயே குடித்தனம் நடத்துனவன், எங்க வேணாலும் தூங்கிடுவேன். அவளை எங்க கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்?”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். வெள்ளையாக இருந்த பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தாள். பத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டாள். 5 = −20 + c. c இருபத்தைந்து. y = 2x + 25. அதே சாய்வு, அதே தூரம். புதுக்கோடு பழைய பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

“போங்க. உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

ஓட்டுநர் கைகூப்பினார். கண்ணீர் மீசையில் இறங்கியது. “நீங்க புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்மா!”

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு கணவனுக்குப் போன் செய்தாள்.

“ஏங்க, சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கிட்டுத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வந்துடுங்க,” என்றாள். “நம்ம பாப்பாவை அங்கேருந்து எடுத்து, வேற எங்கேயாவது படுக்க வைக்கணும்.”