லோடு ஏற்றி ஒரு டெஸ்ட் டிரைவ்

நான் பிக்கப் வண்டி விற்பவன். இந்த மாதம் ஒரு வண்டியாவது விற்காவிட்டால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"மைலேஜ் குடுக்கற வண்டி லோடு இழுக்காதுங்க. இழுக்கற வண்டி டீசலைக் குடிச்சுப்போடுமுங்க," என்றார் பெரியநாயக்கன்பாளையத்து ஒர்க் ஷாப் முதலாளி.

"எங்க வண்டி ரெண்டும் செய்யுமுங்க."

"அப்ப லோடு ஏத்திப் பாத்துரலாமுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் வண்டியோடு போனேன். இழுவையைச் சோதிக்க ஒரு லேத் மெஷினை ஏற்றினார். சர்வீசுக்காம். அவிநாசியில் ஒரு குடோனில் இறக்கிவிட்டு வந்தோம்.

"இழுவை பரவால்லீங்க. மைலேஜ் ஒரு நடையில தெரியாதுங்களே?"

மைலேஜ் தெரிவதற்குள் இன்னும் மூன்று நடை, மூன்று மெஷின் ஆகிவிட்டது. டீசல் எங்களுடையது.

"ரெண்டுமே அருமைங்க. நாளைக்குக் காலைல வாங்க, புக்கிங் போட்டுரலாம்."

திங்கட்கிழமை புக்கிங் படிவத்தோடு போனேன். கேட்டில் பூட்டு. முதலாளியின் போன் அணைந்திருந்தது. வெளியே சாப்பாட்டுத் தூக்கோடு ஐந்து தொழிலாளர்கள், ஜன்னல் வழியே காலி ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்துப் பூரா ஒரு புது பிக்கப்பு ஏத்தீட்டுப் போச்சுங்க," என்றார் டீக்கடைக்காரர்.

ஐவரில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். 'எங்க மொதலாளி வண்டி தேடறாரு, போய்ப் பாரு' என்று என்னை இங்கே அனுப்பியவர். என் அப்பா.

"எம்பட லேத்து நல்ல வெயிட்டாச்சே கண்ணு," என்றார். "வண்டி தெணறவே இல்லியா?"