வெளிர்னா வெளிர்தான்!

"யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

மூன்று நாள் வெளியூர் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நடையின் கோடியில் பாத்ரூம் கதவு கருநீலத்தில் நின்றது. நிலையும் கருநீலம். அவருடைய அப்பாவின் அறை வாசலில் தொடங்கிக் கதவுவரை, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருநீலப் பட்டை வேறு.

பெயிண்டர் ஸ்டூலைவிட்டு இறங்கினார்.

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"வெளிர் நீலம் சார்."

"வெளிர்னா என்னய்யா அர்த்தம்?"

பெயிண்டர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தார்.

"தெரியலல்ல? நான் சொல்றேன், கேட்டுக்க. கலர் இருக்கணும், ஆனா இல்லாத மாதிரி இருக்கணும். சுவர் எது, கதவு எதுன்னு தெரியக் கூடாது. அதுக்குப் பேருதான் வெளிர்! ஆறு மாசத்துக்கு முன்னாடி வீடு பூரா நீதானே அடிச்சே? வந்தவன் போனவன் எல்லாம் வாயைப் பிளந்தான். இப்ப என்ன கேடு வந்துச்சு?"

"அதாலதான் சார்..."

"பேசாத!"

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். கோபத்தில் அவளும் சளைத்தவள் இல்லை.

"நான் அன்னிக்கே கேட்டேங்க. இது முதல் கோட்டிங்தாம்மா, மேல வெளிர் வரும்னு என் காதுல பூ சுத்திட்டார்."

"பொய் வேறயா! இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு ஆளால படறது போதாதா?"

அந்த ஒரு ஆள், அவருடைய அப்பா. நடைக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதே அவரால்தான். ஆறு மாதமாகச் சுவரெல்லாம் கைத்தடம். பாத்ரூமுக்கு நாலடி இந்தப் பக்கம், சுவர் மூலையில் ஈரம். தினமும் மாப் போட்டு மருமகளுக்கு இடுப்பு ஒடிந்தது. திட்டினால் பெரியவர் தலையைக் குனிந்துகொள்வார். புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் முடிவே கட்டிவிட்டார். திங்கட்கிழமை முதியோர் இல்லம். பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்தாகிவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள அதே வெளிர் நீலம் வரணும். இல்லேன்னா இந்தத் தெருவுல உனக்கு ஒரு சுவர் கிடைக்காது. கிடைக்க விடமாட்டேன்!"

"அடிச்சுடறேன் சார்." இப்போது பெயிண்டரின் குரலிலும் சூடு ஏறியிருந்தது. "பெரிய ஐயா ஒரு தடவை பாத்ரூம் போய்ட்டு வந்துடட்டும்."

அறைக் கதவு திறந்தது. பெரியவர் வெளியே வந்தார். மகன் குரல் கேட்டிருக்க வேண்டும், கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு கண்ணை இடுக்கிப் பட்டையைப் பார்த்தபடியே நடந்தார். சுவரைத் தடவவில்லை. நேராகப் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் உதட்டைச் சுழித்தார். "என்னிக்கோ ஒரு நாள் ஒழுங்காப் போய்ட்டா ஆச்சா?"

"ஐயாவுக்குக் கண்ணு மங்கல் சார், புத்தி மங்கல! சுவர் எது, கதவு எதுன்னு தெரியாம முதல் நாள் என் கண்ணு முன்னாலயே தடவிட்டு நின்னார். நீங்க சொன்னீங்களே, அதே வெளிர்தான். அதை அடிச்சவன் நானு. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு."

"வேலைக்கு வந்த இடத்துல எனக்கே பாடம் எடுக்கறியா? நீ பாட்டுக்குக் கதை கட்டாத!"

மனைவி மூலையில் சாய்த்து வைத்திருந்த மாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

"என்னங்க..." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஊருக்குப் போன அன்னிலேர்ந்து நான் அந்த மாப்பைத் தொடவே இல்லைங்க."